குடும்பத் தலைவர் கையெழுத்து

மனிதவளப் பிரிவில் இப்போதுதான் சேர்ந்திருக்கும் உங்களில் சிலர் என்னைப் பார்க்க வரும்போதெல்லாம், "உங்க சர்வீஸ்ல பெரிய சாதனை எது சார்?" என்று கேட்கிறீர்கள். சாதனையை விடுங்கள். அதையெல்லாம் என் பணி ஓய்வு விழாவில் மற்றவர்கள் சொல்லி முடித்துவிட்டார்கள். அதில் பாதிக்கு மேல் பொய். நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். அதை நல்லது என்று நம்பித்தான் செய்தேன், அதற்காகப் பாராட்டும் வாங்கினேன். பாராட்டு வாங்கித் தருகிற தப்பை யாரும் சீக்கிரத்தில் கண்டுபிடிப்பதில்லை.

நான் கடைசியாக வேலை பார்த்த ஆலை புதுக்கோட்டையிலிருந்து கந்தர்வக்கோட்டை போகும் வழியில் இருந்தது. வண்டிகளுக்குள் போகும் வயர் கட்டுகளைச் செய்கிற இடம். லைனில் நின்று வயர் கோக்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். கீரமங்கலம், ஆலங்குடி, கந்தர்வக்கோட்டைப் பக்கத்து ஊர்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவார்கள். அந்த லைனை ஒரு ஷிப்ட் முழுக்க நடத்துகிறவருக்கு லைன் இன்சார்ஜ் என்று பெயர். இன்சார்ஜ்கள் எல்லோரும் ஆண்கள். மேனேஜர்களும் ஆண்கள். மேல்மாடியில் பெண் குரல் கேட்டால் கூட்டிப் பெருக்க வந்தவராக இருக்கும், இல்லையென்றால் என் மனைவி போனில் அழைத்திருப்பார்.

ஒரே ஒரு தடவை ஒரு பெண்ணை இரண்டாம் ஷிப்ட் இன்சார்ஜாகப் போட்டோம். மத்தியானம் இரண்டு மணியிலிருந்து இரவு பத்து மணி வரை வேலை. மூன்றாம் நாள் காலையில் அவருடைய மாமனார் நாலு பேரோடு கேட்டில் வந்து நின்றார்.

"யாரைக் கேட்டுய்யா எங்க வீட்டுப் புள்ளைய மேல ஏத்துனீங்க? ராத்திரி பஸ்ஸு முக்கத்துல எறக்கி விட்டுட்டு அங்கிட்டுப் போயிருச்சு. முந்திரிக்காட்டுக்குள்ள ஒத்தையில நடந்து வந்திருக்கு. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா நீயா வந்து நிப்ப?"

மன்னிப்புக் கேட்டு, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். மறுநாளே அந்தப் பெண் தன் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டார். நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒரு படிவம் தயாரித்தேன்.

எனக்குப் படிவங்கள் என்றால் அவ்வளவு பிரியம். கட்டம் போட்டு, கோடு இழுத்து, கீழே கையெழுத்துக்கு இடம் விட்டால் உலகமே ஒழுங்காகிவிட்ட மாதிரி இருக்கும். இந்தப் படிவத்தின் பெயர் 'குடும்பச் சம்மதப் படிவம்'. இன்சார்ஜ் வேலைக்கு எழுதிப் போடும் பெண்களுக்கு மட்டும். இரவு நேரம் வரும் வேலைக்கு அந்தப் பெண்ணிடம் சம்மதம் எழுதி வாங்கினாலே போதும். நான் அதற்கு மேல் ஒரு படி போய், வீட்டிலிருந்தும் எழுதி வாங்க ஏற்பாடு செய்தேன். கடைசி வரியில் 'குடும்பத் தலைவர் கையெழுத்து: தந்தை / கணவர் / சகோதரர்' என்று போட்டேன். பிளான்ட் மேனேஜர் அதைப் படித்துவிட்டு என் முதுகில் தட்டினார். "பிரமாதம். இனிமே எவனும் கேட்டுல வந்து நிக்க மாட்டான்."

உண்மைதான். அதற்குப் பிறகு யாரும் வந்து நிற்கவில்லை. இன்சார்ஜ் வேலைக்கும் எந்தப் பெண்ணும் வந்து நிற்கவில்லை. அடுத்து வந்த இரண்டு வருடத்தில் படிவத்தை வாங்கிக்கொண்டு போன பெண்கள் நாலு பேர். நாலு பேரும் திருப்பித் தரவில்லை. அவர்கள் காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒவ்வொருவர் பெயருக்கு நேராகவும் 'விருப்பமில்லை' என்று எழுதி ஃபைலை மூடினேன். தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்பும்போது, 'பெண்கள் பொறுப்பேற்க முன்வருவதில்லை' என்று வருத்தத்தோடு ஒரு வரி சேர்ப்பேன். அந்த வருத்தமும் நிஜம்தான் என்று அப்போது நினைத்தேன்.

அப்படி இருக்கும்போது மூன்றாம் லைனில் இரண்டாம் ஷிப்ட் இன்சார்ஜ் இடம் காலியானது. அங்கே இருந்தவர் ஓசூர் ஆலைக்கு மாற்றலாகிப் போகவிருந்தார். வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குள் புதியவரின் பெயரைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அதே லைனின் முதல் ஷிப்டிலிருந்து இரண்டு பேர் எழுதிப் போட்டிருந்தார்கள். ஒருவர் அமுதா. இன்னொருவர் சரவணன். இருவரும் அக்கா தம்பி.

அமுதாவுக்கு முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். கணவரோடு ஒத்துவராமல், சின்ன மகளோடு கீரமங்கலம் பக்கத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்கே வந்துவிட்டவர். அப்பா இல்லை. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு கையும் காலும் விளங்காமல் போயிருந்தன. ஆலையில் முதலில் சேர்ந்தது அமுதா. தம்பியை ஐ.டி.ஐ. படிக்க வைத்து, பிறகு இங்கேயே கூட்டிவந்து சேர்த்துவிட்டதும் அவர்தான். சரவணன் அவரைவிட ஆறு வயது இளையவன். நல்ல பையன், நல்ல வேலைக்காரன்.

அமுதாவைக் கூப்பிட்டுப் படிவத்தைக் கொடுத்தேன். நின்றபடியே முழுதும் படித்தார்.

"சார், அம்மா கையெழுத்துப் போட்டா ஆகாதா? எடக்கையில போடும்."

"படிவத்துல அம்மா இல்லையேம்மா. அப்பா, கணவர், சகோதரர்தான்."

"இல்லைன்னா சேத்துக்கங்க சார்."

"அப்படியெல்லாம் நெனச்ச மாதிரி மாத்த முடியாதும்மா" என்றேன். ஏதோ டெல்லியிலிருந்து அச்சடித்து வந்தது போல. நானே அடித்த படிவம்!

"அப்ப தம்பிக்கிட்டதான் வாங்கணும்" என்றார் அமுதா. "சார், அவனும் இதே வேலைக்குத்தான் எழுதிப் போட்டிருக்கான்."

"அது வேற, இது வேறம்மா. அவன் போட்டி போடுறது வேலைக்கு. கையெழுத்துப் போடுறது குடும்பத்து ஆளா."

இதைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை என்பதைக் கவனியுங்கள். இருபது வருடத்துக்கு மேல் இந்த வேலை பார்த்தவன் நான். ஒரு போட்டியாளரிடம் போய், 'உன்னோடு நான் போட்டி போட அனுமதி கொடு' என்று கேட்டு வரச் சொல்லி ஒரு பெண்ணை அனுப்புகிறோம் என்பது என் புத்தியில் உறைக்கவே இல்லை. அமுதா படிவத்தை நாலாக மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

மூன்று நாள் ஆயிற்று, படிவம் வரவில்லை. உதவி செய்கிறேன் என்று சரவணனை டீ நேரத்தில் கூப்பிட்டேன்.

"என்னப்பா, அக்காவுக்கு ஒரு கையெழுத்துதானே? போட்டுக் கொடுக்க வேண்டியதுதானே?"

அவன் தலையைச் சொறிந்தான். "போடலாம் சார். டிவி மேலதான் இருக்கு. அவளும் போடுடான்னு சொல்லல, நானும் எடுக்கல."

"ஏன்?"

"எனக்குப் பொண்ணு பாத்துக்கிட்டிருக்காங்க சார். ஆலங்குடிப் பக்கம். மாப்ள இன்சார்ஜ் ஆகப்போறாப்லன்னு எங்க மாமா அங்க சொல்லி வச்சிட்டாரு." டீ டம்ளரைக் கீழே வைத்தான். "நான் போடலன்னா அவ பேரு தானா விழுந்துரும்ல சார்?"

விழுந்துவிடும் என்றேன். அதுதானே விதி. அவன் எழுந்து போனான். அந்த வாரம் அக்காவும் தம்பியும் பஸ்ஸில் வேறு வேறு கோடியில் உட்கார்ந்து வந்தார்கள் என்று டிரைவர் என்னிடம் சொன்னார். சாப்பாட்டு நேரத்தில் ஒரே தூக்குச்சட்டியைப் பிரித்துச் சாப்பிடுகிறவர்கள், தனித்தனி டப்பா கொண்டுவர ஆரம்பித்தார்கள். ஒரு வீட்டுக்குள் இல்லாத சண்டையை ஒரு தாளை அனுப்பி நான் மூட்டிவிட்டிருந்தேன். அப்போதும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இதற்குத்தான் ஒரே குடும்பத்தில் இரண்டு பேரை வேலைக்கு எடுக்கக் கூடாது என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை வந்தது. மதியம் சாப்பிட்டதும் பிளான்ட் மேனேஜர் கூப்பிட்டார். "பையன் பேரை அனுப்பிருங்க. அந்தம்மா படிவம் கொடுக்கல, அவ்வளவுதான். ரெண்டு பேரும் ஒரே வீடு. யாருக்குப் போட்டாலும் அந்த வீட்டுக்குத்தானே போகுது?" நியாயமாகத்தான் பட்டது. சரவணன் பெயரில் உத்தரவை அடித்து மேஜையில் வைத்தேன். என் கையெழுத்துதான் பாக்கி.

முதல் ஷிப்ட் முடிந்தும் பஸ் ஏறாமல், இரண்டரை மணிக்கு அமுதா வந்தார். கையில் இரண்டு படிவம். இரண்டையும் என் அலுவலக உதவியாளரிடம் புதிதாகக் கேட்டு வாங்கியிருக்கிறார். இரண்டோடும் ரேஷன் கார்டு நகல் ஒன்று இணைத்திருந்தது.

முதல் படிவத்தைப் பார்த்தேன். விண்ணப்பிப்பவர்: அமுதா. குடும்பத் தலைவர் கையெழுத்து: அமுதா.

"என்னம்மா இது?"

"குடும்பத் தலைவர் கையெழுத்துத்தானே சார் கேட்டிருக்கீங்க? எங்க கார்டுல குடும்பத் தலைவி நான்தான். அம்மாவுக்கு முடியாமப் போனதுலேர்ந்து என் போட்டோதான் ஒட்டியிருக்கு. சர்க்காரே ஒத்துக்கிட்டது."

இரண்டாவதைப் பார்த்தேன். விண்ணப்பிப்பவர்: சரவணன். 'எங்கள் குடும்பத்தைச் சேர்ந்த மேற்படி நபர் இரண்டாம் ஷிப்டில் வேலை பார்க்க எனக்கு முழுச் சம்மதம்.' குடும்பத் தலைவர் கையெழுத்து: அமுதா.

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. "இது பொம்பளைங்களுக்கு மட்டும் உள்ள படிவம்மா. அவனுக்கு எதுக்கு?"

"ஏன் சார் வேணாம்?" அமுதா குரலை உயர்த்தவில்லை. "நான் ரெண்டாம் ஷிப்டு போனா, மத்தியானத்துக்கு மேல அம்மாவ அவன் பாக்கணும். எடுத்து ஒக்கார வைக்கணும், சோறு ஊட்டணும். அதுக்காக அவன் சம்மதம் வேணும்னு கேக்குறீங்க. சரி. அவன் ரெண்டாம் ஷிப்டு போனா அதையெல்லாம் நான் பாக்கணும். எங்கிட்ட யாராச்சும் கேட்டீங்களா? இங்க நூறு ஆம்பளைங்க ராத்திரி ஷிப்டு பாக்குறாங்க. அவங்க வீட்டுல ஒரு பொம்பளையையாவது கூப்பிட்டு, ஒனக்குச் சம்மதமான்னு கேட்டிருக்கீங்களா சார்?"

நான் அந்த இரண்டாவது படிவத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

"நான் அவனுக்குச் சம்மதம்னு எழுதிட்டேன் சார். மனசாரத்தான் எழுதியிருக்கேன். அவன் எனக்கு எழுதல. அவனைக் குத்தம் சொல்ல மாட்டேன், பேனாவ அவன் கையில குடுத்தது நீங்க. இப்ப ரெண்டு பேருக்கும் கையெழுத்து இருக்கு. வேலையை வச்சுப் பாத்து யாருக்கு வேணும்னாலும் போடுங்க. அவனுக்குப் போட்டாலும் நாளைக்குக் காலையில சாதாரணமா வேலைக்கு வாரேன்."

அவர் போன பிறகு அந்த இரண்டு தாளையும் எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருந்தது. ஐம்பத்தாறு வயதில் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து வெட்கப்படுவது எவ்வளவு சங்கடம் என்று உங்களுக்கு இப்போது தெரியாது. கேட்டில் வந்து நின்ற அந்த மாமனார் ஞாபகத்துக்கு வந்தார். அவர் என்ன சொன்னார்? யாரைக் கேட்டு என்று ஒரு வார்த்தை சொன்னார். மீதி எல்லாம் பஸ்ஸைப் பற்றி, முந்திரிக்காட்டைப் பற்றி. அந்த மனிதர் கேட்டது வீடு வரைக்கும் ஒரு பஸ். நான் காதில் வாங்கியது அந்த முதல் வார்த்தையை மட்டும். பஸ்ஸுக்குப் பதிலாகப் படிவம் கொடுத்தேன். பஸ்ஸுக்கு மெனக்கெட வேண்டும், படிவத்துக்குப் பிரின்டர் இருந்தால் போதும்.

மூன்று மணிக்கு எழுந்து லைனுக்குப் போனேன். மாற்றலாகிப் போகிற இன்சார்ஜ் அங்கே இருந்தார். முன்பு இதே லைனில் முதல் ஷிப்டிலும் நிறைய நாள் இருந்தவர். "நீங்க லீவு போடுற நாள்ல லைனை யாரு பாத்துக்கிட்டது?" என்று கேட்டேன்.

"அமுதாதான் சார். இதென்ன கேள்வி? நான் இருக்குற நாள்லயும் பாதி அவங்கதான்."

"சரவணன்?"

"தங்கமான பையன். கை வேகம். ஆனா லைன் நின்னா பதறிருவான். இன்னும் ஒரு ரெண்டு வருஷம் போகட்டும் சார்."

இரண்டே கேள்வி. இதைக் கேட்க நான் மாடியிலிருந்து இறங்கியிருந்தால் போதும். ஒரு வாரமாக இறங்கவில்லை.

பிளான்ட் மேனேஜரிடம் போய் இரண்டு படிவத்தையும் காட்டினேன். அவர் அமுதாவின் கையெழுத்தைப் பார்த்துச் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"இந்தப் படிவத்தை நான்தான் சார் கொண்டுவந்தேன், நானே எடுத்துடுறேன். வேலையைப் பாத்தா அமுதாதான். அவங்க பேரை அனுப்புறேன்."

"நாளைக்கு எவனாவது கேட்டுல வந்து நின்னா?"

"நான் போய்ப் பேசுறேன். ஆனா ரெண்டாம் ஷிப்ட் பஸ் ரோட்டு முக்கத்தோட நிக்கக் கூடாது சார். ஊருக்குள்ள போயி அவங்கவங்க தெரு வரைக்கும் விடணும். அது நடந்தா யாரும் வர மாட்டாங்க."

"ஒரு கையெழுத்துல முடிஞ்சதை இப்ப பஸ்ஸு, ரூட்டுன்னு இழுக்குறீங்க."

"முடியல சார். முடிஞ்ச மாதிரி நாமதான் எழுதி வச்சிருந்தோம்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நாலாக இருபது நிமிஷம் இருந்தது. நான் அவரிடம் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. "ஏதாவது ஆச்சுன்னா உங்க தலைதான்" என்றார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். வாய்ச் சம்மதம் போதுமே, படிவம் எதற்கு?

சரவணன் பெயரில் அடித்ததைக் கிழித்துவிட்டு, அமுதா பெயரில் அடித்து அனுப்பினேன். அமுதாவுக்குப் போனில் சொன்னபோது நன்றி என்றெல்லாம் அவர் சொல்லவில்லை. "பஸ்ஸு எது வரைக்கும் வரும் சார்?" என்றுதான் கேட்டார். தெரு வரைக்கும் என்றேன். "சரி சார்" என்று வைத்துவிட்டார். மறுநாள் காலையில் சரவணனைக் கூப்பிட்டு நேரில் நானே சொன்னேன். முகம் சுண்டிப்போனது. இந்தச் செய்தியை ஒருவரிடம் போனில் சொல்லலாம், இன்னொருவரிடம் நேரில்தான் சொல்ல வேண்டும். எது யாருக்கு என்பது உங்களுக்கே தெரிய வேண்டும்.

பிறகு அந்தப் பழைய ஃபைலை எடுத்தேன். 'விருப்பமில்லை' என்று நான் எழுதிய நாலு பேரில் இரண்டு பேர் வேலையை விட்டே போயிருந்தார்கள். ஒருவர் திருப்பூரில் இருப்பதாகச் சொன்னார்கள். எண் கிடைக்கவில்லை. மீதி இரண்டு பேரையும் கூப்பிட்டு, இந்த முறை அவர்களையே கேட்டேன். ஒருவர் உடனே சரி என்றார். இன்னொருவர் உண்மையாகவே விருப்பமில்லை என்றார். காரணம் கேட்டேன். "இன்சார்ஜ் ஆனா ஒங்க ஆபீசுக்கு அடிக்கடி வரணும்ல சார், அதான்" என்றார். அதையும் எழுதிக்கொண்டேன்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை என்று மேலிடம் ஒரு நாள் உங்களைக் கேட்கும். கணக்கு சரியில்லை என்றால் பெண்கள் வரவில்லை என்று எழுதத்தான் கை போகும். எழுதும் முன், அவர்கள் வருகிற வழியில் நீங்கள் என்ன போட்டு வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். பாதுகாப்பு என்று பெயர் போட்டு வைத்திருந்தால் இரண்டு தடவை பாருங்கள்.

அமுதா பொறுப்பேற்ற முதல் வாரக் கடைசியில், காலை ஷிப்ட் முடிந்து சரவணன் என் அறைக்கு வந்தான். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து மேஜையில் வைத்தான். அக்காவிடம் நான் முதலில் கொடுத்த அந்தப் படிவம். பூர்த்தி செய்து, சகோதரர் என்பதை வட்டமிட்டு, கீழே கையெழுத்துப் போட்டிருந்தான்.

"இது இப்ப தேவையில்லப்பா. அந்தப் படிவத்தையே எடுத்தாச்சு."

"தெரியும் சார். மனசு கேக்கல, நேத்துதான் போட்டேன்."

"அப்படின்னா இதை எங்கிட்ட ஏன் கொடுக்குற? அக்காகிட்ட கொடு."

"அக்காகிட்டதான் மொதல்ல குடுத்தேன் சார்." அவன் என் முகத்தைப் பார்க்கச் சங்கடப்பட்டுச் சுவரைப் பார்த்தான். "'எனக்கு எதுக்குடா இது? ஹெச்.ஆர். சார்கிட்ட கொண்டு போயிக் குடு, அவருக்குத்தான் வேணும்'னுட்டா."